பிழை எண் 212

விரால் ஏன் அடிக்கடி மேலே வந்து வாய் பிளக்கிறது,
அனிமேஷன் பிசகா என்று
ஒஸ்லோவிலிருந்து எழுதிக் கேட்கிறான் பரிசோதகன்.
பிழையில்லை.
அது காற்றுக் குடிக்கிற மீன்.
குளம் வற்றினால் சேற்றுக்குள் கிடந்தும் மூச்சுவிடும்.
அந்த ஒரு 'பிளக்' சத்தத்துக்காக
மூன்று விடியற்காலை அணைக்கட்டில் மைக் பிடித்தேன்.
முதல்நாள் நாய் குரைத்தது.
இரண்டாம்நாள் உழவு இயந்திரம்.
மூன்றாம்நாள்தான்
குளம் வாய் திறந்தது.

கிளிநொச்சியில், ரயர்க்கடைக்கு மேல்மாடியில்
ஐந்து கணினி, ஒரு மின்விசிறி.
வவுனிக்குளத்தை விளையாட்டாகச் செய்துகொண்டிருக்கிறோம்.
தூண்டில் மட்டும். வலை கிடையாது.
நரம்பு எத்தனை கிலோ தாங்கும்,
கச்சான் காற்றில் மிதவை எந்தப் பக்கம் சாயும்,
வான் பாய்ந்த மறுநாள் தண்ணீர் எவ்வளவு கலங்கும்,
எல்லாம் கணக்கு.
யப்பான் மீனுக்குத்தான் கணக்கே தேவைப்படவில்லை,
எதைப் போட்டாலும் கடிக்கிறது.

ஆழம் அளக்கத் தோணி தந்தவள் யோகமலர்.
மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு,
துடுப்பு அவள் கையில், மழை வந்தால் பேரம் வேறு.
"மீனைப் பிடிச்சு என்ன செய்யிறது உதில?"
"படம் எடுத்திட்டு விடலாம்."
"விட்டிட்டு?"
"திரும்பப் பிடிக்கலாம்."
துடுப்பை மடியில் வைத்து அவள் சிரித்த சிரிப்பில்
தோணி ஆடி
இரண்டு அளவு பிழைத்துப்போனது.

ஆழமானி தண்ணீருக்குள் கேள்வி அனுப்பும்.
தரை பதில் சொல்லும்.
இரண்டு மீற்றர். இரண்டரை. ஒரு பட்ட மரம்.
கரையோரம் விரால் குஞ்சுகள்
மஞ்சாடி கொட்டினாற்போல் சிவப்பாய்க் கொதித்தன.
"தாயும் தகப்பனும் கீழ நிக்குங்கள், கலைக்காதேங்கோ"
என்று சுற்றி வலித்தாள்.
அன்றிரவே எழுதிச் சேர்த்தேன்:
குஞ்சு காக்கும் விரால்
பசிக்குத் தூண்டிலைக் கடிக்காது,
கோபத்துக்குக் கடிக்கும்.

வடக்கு மூலையில், மருத மரங்களைத் தாண்டி,
துடுப்பு நின்றது.
"அதுக்குள்ள நான் வலை போடுறேல்லை."
"முதலையோ?"
"இல்லை."
காற்று எங்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளியது.
திரையில் ஒரு நேர்கோடு வந்தது,
பிறகு அது திரும்பியது.
குளத்தின் அடியில் இப்படி மூலை வராது.
ஒரு வாகனமாயிருக்கலாம்.
நான் கேட்கவில்லை.
அவள் பட்ட மரத்து நீர்க்காகத்தைப் பார்த்திருந்தாள்.
கரைக்கு வந்ததும் மணி பார்த்து
"கடைசி அரைமணிக்குக் காசு வேண்டாம்" என்றாள்.

விளையாட்டில் ஓரிடத்தையும் சும்மா விடமுடியாது.
மணலோ சேறோ தாமரைக் கிழங்கோ
எதையாவது பரப்பவேண்டும்.
"பக்கத்து அளவை நகலெடுத்துப் போடு,
ஒருத்தரும் கண்டுபிடியாயினம்" என்றான் நிலுக்ஷன்.
போட்டேன்.
அழித்தேன்.
நீர் என்று மட்டும் வைத்தேன். அடி எழுதவில்லை.

நேற்று வந்தது, அதே ஒஸ்லோக்காரன்:
"வடக்கு மூலையில் ஈயம் இறங்கிக்கொண்டே போகிறது.
சுருள் தீர்ந்தும் தரை தட்டவில்லை.
நாற்பது நிமிடம் காத்திருந்தேன். திருத்தவும்."

நாற்பது நிமிடம்.
நன்றி என்று எழுதினேன்.
காரணம் கேட்கிற கட்டத்தில்
'பிழையல்ல' என்று போட்டு மூடினேன்.

மிச்சக் காசுக்கு இன்று யோகமலர் வந்தாள்.
திரையில் தன் தோணியைக் கண்டு குனிந்தாள்.
பச்சை பூசிய விளிம்பு சரி,
அணியத்து வெடிப்பு சரி.
"தண்ணி கோலுற ரின் எங்க?
அது இல்லாட்டி அரைமணியில தாண்டிடுமே."

அது பிழைதான்.
213.
இரவைக்குத் திருத்தவேண்டும்.